சொல் வரம்பு இருக்கட்டும், காற்புள்ளிக் கெடுபிடி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்விதழ்களின் விதிமுறைகள் ஆராய்ச்சியாளர்களை எப்படிப் பாடாய்ப்படுத்துகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியோடு ஒத்துப்போக முடியவில்லை. நீள வரம்பையும் வடிவ விதிகளையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். முனைவர் பட்ட மாணவர்களின் கட்டுரைகளோடு மல்லுக்கட்டும் நெறியாளர் என்ற முறையில், இரண்டும் வேறு வேறு என்பேன்.

முதலில் நீளம். 1928-இல் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் புதிய ஒளிச்சிதறலைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதியது ஒரு சிறு கடிதம்தான். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன கட்டுரை, அதே இதழில் ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டியது. கணிதக்காரர்கள் இன்னும் மோசம். ஓர் எண்ணின் ஐந்தாம் படி வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து எண்களின் ஐந்தாம் படிகளையாவது கூட்ட வேண்டும் என்பதுபோல ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் சொல்லிவைத்த ஓர் ஊகத்தை லாண்டரும் பார்க்கினும் 1966-இல் இரண்டே வாக்கியங்களில் கவிழ்த்துவிட்டார்கள். கணினியில் தேடினோம், 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தாம் படிகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் படி வருகிறது, விஷயம் முடிந்தது. ஃபைட், தாம்ப்சன் இருவரும் 1963-இல் ஒரு தேற்றத்தை நிறுவ 255 பக்கங்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மைதான். அது வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தத் தேவை வருவதில்லை.

இயற்பியலாளர்கள் கனவு காணும் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' முன்பு நான்கு பக்கம் என்றது, பிறகு 3750 சொற்கள் என்று மாற்றிக்கொண்டது. படமும் இந்தக் கணக்கில் சேரும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து இத்தனை சொல்லுக்குச் சமம் என்று கழித்துவிடுவார்கள்; ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்கும் படம் சொற்களை விழுங்கிவிடும். மாணவர்கள் முதலில் படத்தைத்தான் நசுக்குவார்கள். வரைபடத்தின் அச்சுக் கோடுகளில் உள்ள எண்களே தெரியாத அளவுக்கு. நான் திருப்பி அனுப்பிய அப்புறம்தான் முன்னுரைக்கு வருவார்கள். "அண்மைக் காலமாக இத்துறை பெரும் கவனத்தை ஈர்த்து வருகிறது" என்ற வரி அங்கே கட்டாயம் உட்கார்ந்திருக்கும். அதை வெட்டவைக்க என் சிவப்புப் பேனாவைவிடச் சொல் வரம்புதான் அதிகம் உதவியிருக்கிறது. (ஆசிரியர் பெயர்ப் பட்டியல் அந்தக் கணக்கில் வராது. ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையைப் பற்றி 2015-இல் அதே இதழில் வந்த கட்டுரைக்கு 33 பக்கங்கள். அதில் 24 பக்கம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் நிறுவனங்களும்!)

வரம்பு கெடுதல் செய்யும் இடம் ஒன்று உண்டு. சோதனையை எப்படிச் செய்தோம் என்ற பகுதியைச் சுருக்கினால், வேறொருவர் அதைத் திரும்பச் செய்துபார்க்க முடியாது. 'நேச்சர்' 2013-இல் அந்தப் பகுதிக்கு மட்டும் இடக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. சரியான முடிவு.

என் கோபமெல்லாம் வடிவ விதிகள்மேல்தான். மேற்கோள் பட்டியலில் ஓர் இதழுக்கு ஆண்டு அடைப்புக்குறிக்குள் வேண்டும், இன்னொன்றுக்குக் கடைசியில். ஒன்றில் தொகுதி எண் தடித்த எழுத்தில், ஒன்றில் சாய்வெழுத்தில். இதழின் பெயர் சிலவற்றுக்கு முழுதாக, சிலவற்றுக்குச் சுருக்கமாக. தட்டச்சுக் காலத்தில் இதற்காகக் கட்டுரை முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடி ஒரு பொதுமுறை வகுத்தார்கள். இத்தனை ஆண்டு கழித்தும், ஓர் இதழ் நிராகரித்தால் அடுத்த இதழுக்காக என் மாணவி ராத்திரி உட்கார்ந்து காற்புள்ளிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். மென்பொருள் உதவும்தான், ஆனால் அது விட்டுவைத்த பிழைகளை மனிதர்தான் தேட வேண்டும். 2019-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒரு கட்டுரையின் வடிவமைப்புக்கு மட்டும் சுமார் 14 மணி நேரம் போகிறது என்றது. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் தனிச் சங்கடம். இணையப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், காலியாக விட்டால் நகராது. வேறு வழியின்றி அப்பா பெயரைப் போட்டால், மேற்கோள் பட்டியலில் ஆய்வு செய்தவர் அப்பாவாகிவிடுகிறார், மகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுகிறாள். என் மாணவி ஒருத்தியின் கட்டுரை இப்படித்தான் வெளிவந்திருக்கிறது. திருத்தக் கேட்டு எழுதினோம். 'இதழின் வடிவ விதிப்படி சரியாகவே உள்ளது' என்று பதில் வந்தது.

மாற்று ஒன்றும் புதிதல்ல. எல்சேவியர் நிறுவனம் 2011-இல் தன் இதழ் ஒன்றில் தொடங்கி, முதல் சமர்ப்பிப்பை எந்த வடிவத்திலும் அனுப்பலாம், ஏற்றுக்கொண்ட பிறகு மாற்றினால் போதும் என்று அனுமதித்தது. பிறகு வேறு பதிப்பகங்களும் அப்படிச் செய்தன. ஆனால் விதிமுறைப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. நெறியாளர்களே 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறோம். மாணவர்கள் முதலில் அந்த வரியைத் தேடிப் பார்க்கட்டும். நம் நாட்டு ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களும், மதிப்பாய்வாளர் படித்து முடிக்கும்வரை காற்புள்ளிகளைக் கேட்காமல் இருக்கலாம். அதற்குக் காசு பணம் எதுவும் செலவில்லை.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.