சிலம்பக் களத்தில் மூத்தோருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு, மாவட்டச் சிலம்பப் போட்டி பற்றிய செய்தியில் பள்ளி, கல்லூரிப் பிரிவுகள் மட்டுமே இருந்தன. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது பெருமைதான். ஆனால் நாற்பதைத் தாண்டியும் கம்பு எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தனியாகச் சுற்றினால் கை பழகியதையே திரும்பச் செய்யும். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நின்றால்தான் கண்ணும் காலடியும் விழிக்கும். ஐம்பது வயதுக்கு மேல் தொடுமுறைப் போட்டிக்கு (எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுப்பது) பெயர் கொடுத்த பிறகுதான் எனக்கு மூட்டுக்கும் மூச்சுக்குமான பயிற்சி ஒழுங்குக்கு வந்தது.

ஜூடோவில் 30 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து மூத்தோருக்கு உலகப் போட்டியே நடக்கிறது. சிலம்பச் சங்கங்களும் மாவட்ட அளவில் இப்படிப் பிரிவுகள் தொடங்கி, மருத்துவச் சான்றையும் தலைக்கவசத்தையும் கட்டாயமாக்கலாம்.

– சிலம்ப ஆர்வலர், திண்டுக்கல்