துக்க வீட்டில் சொன்ன சொல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு இந்த முறை சோம்பல் காரணமல்ல. நம் கணக்கு சார் போய்விட்டார். 84 வயது. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

அங்கே போய் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். துக்க வீட்டில் வந்தவரை ‘வாருங்கள்’ என்பதில்லை, கிளம்புகிறவரும் சொல்லிக்கொள்வதில்லை. தெரியாதவனா நான்? இருந்தும், மாலையில் சாருடைய மனைவியின் முன்னால் நின்று கைகூப்பி, “போய்விட்டு வருகிறேன் அம்மா” என்று சொல்லித் தொலைத்தேன். பழக்கதோஷம். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறவுக்காரர் ஒருவர், “படித்தவர்களுக்கே முறை தெரியவில்லை” என்று பந்தல் கூரையிடம் சொன்னார். அம்மா அழுது வீங்கிய முகத்தை நிமிர்த்தி, “கட்டாயம் வா தம்பி. இனிமேல்தான் இந்த வீட்டுக்கு ஆள் வர வேண்டும்” என்றார்.

வழியெல்லாம் இதே யோசனை. உறவுக்காரரிடம் இருந்தது முறை. அம்மாவிடம் இருந்ததை என்னவென்று சொல்வது? மரியாதை என்றால் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. நாகரிகம் என்றால், அந்தச் சொல்லை நாம் உடுப்புக்கும் கட்டடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். வள்ளுவர் அதை வைத்த இடம், இரக்கத்தைச் சொல்லும் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறள், 580. நஞ்சு ஊற்றுவதைக் கண்டும் குடித்து அமைகிறவரைத்தான் அங்கே நாகரிகம் வேண்டுபவர் என்கிறார். நற்றிணை 355-ஆம் பாட்டிலும், நண்பர் கொடுத்தால் நஞ்சையும் உண்பவர் ‘நனிநாகரிகர்’. (விடுதியில் நீ போட்ட காப்பியை மூன்று வருடம் குடித்த என்னையும் அதில் சேர்த்துக்கொள்.) படிக்கிற காலத்தில் இது எனக்கு அபத்தமாகப் பட்டது. துக்க வீட்டில் அன்று ஊற்றியது நான். என் முகம் வாடக் கூடாதென்று குடித்தவர் அம்மா.

உறவுக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அழுகிறவர்களை உபசாரம் செய்ய வைக்காதே என்று யாரோ இரங்கியதில்தான் அந்த முறையும் பிறந்திருக்கும். அவர் கையில் வெறும் சட்டமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே மழை விட்டபாடில்லை. என் முழங்கால் வலி உனக்குப் பழைய செய்தி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீ வருகிற தேதியை எழுதினால் காத்திருந்து சேர்ந்தே போகலாம். சாருடைய சைக்கிள் இன்னும் திண்ணை ஓரத்தில்தான் நிற்கிறது. டயரில் காற்றில்லை. பம்ப் எடுத்துப் போகிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்