அந்தப் படம் எங்கிருந்து வந்தது

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஊர் வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். நானும் பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். தபாலில் வர நாளாகும், ஆகட்டும்.

முதலில் ஒன்று. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே எல்லாரும் பெருவில் நாம் மச்சு பிச்சு பார்க்கப் போன அந்த ரயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெரியம்மா போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை, விளக்கு, நடுவில் பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக நான். "ரயிலா இது, கல்யாண மண்டபமாட்ட இருக்குது" என்றாள். எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். போரோய் ஸ்டேஷனில் ஆட்டம் பாட்டத்தோடு வரவேற்றார்களே, அதைப் பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

ஆனாலும் தம்பி, அந்த டிக்கெட் காசுக்கு நான் ஆயுசு முழுக்கக் கோயமுத்தூரிலிருந்து சென்னைக்குப் போய்வரலாம். முதுகில் மூட்டை கட்டிய பிள்ளைகள் சாதாரண ரயிலில் போனார்களே. அதே தண்டவாளம், அதே உருபாம்பா ஆறு. அவர்களுக்கு மட்டும் மச்சு பிச்சு சின்னதாகவா தெரியும்? இப்போது இதைச் சொல்லி என்ன, அனுபவித்துவிட்டு வந்து குறை சொல்கிறாள் என்பாய். இந்தச் சமயத்தில் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

குஸ்கோவில் எனக்கு மூச்சு வாங்கியதை நினைத்து நீ இன்னும் வருத்தப்படவேண்டாம். 3400 மீட்டர் என்றால் யாருக்கும் வாங்கும். நம்ம தொட்டபெட்டாவே 2637தான். அந்தக் கோகா இலைத் தண்ணி குடித்ததும் சரியாகிவிட்டது. மச்சு பிச்சு 2430, ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் உயரம். ரயில் மலையேறும் என்று நினைத்தால் அது இறங்கிக்கொண்டே போனது! சின்ன வயசில் மேட்டுப்பாளையத்தில் ஏறிய உடனே "எப்போம்மா குகை வரும்" என்று கேட்பாயே, அந்த ஞாபகம் வந்தது. இந்தத் தடவை நீ ஒன்றும் கேட்கவில்லை. நுரையோடு கொடுத்த பிஸ்கோ சவர் என்கிற மதுவில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது என்று நான் வேண்டாமென்றேன். நீ என்னுடையதையும் சேர்த்துக் குடித்தாய். பகல் பதினொரு மணிக்கு.

மலைமேல் எனக்குப் பிடித்தது கோயிலோ கோபுரமோ இல்லை, அந்தப் படிக்கட்டு வயல்கள்தான். அம்மிச்சி தோட்டத்தில் ஒரு நல்ல மழைக்கு வரப்பு உடைந்து மண் போய்விடும். இவர்கள் 1450 வாக்கில் கட்டியது அப்படியே நிற்கிறது. அடியில் பெரிய கல், அதற்குமேல் சரளை, அப்புறம் மணல், அதற்குமேல்தான் மண் போட்டிருக்கிறார்கள், தண்ணி தேங்காமல் இறங்கிவிடும் என்று அந்த வழிகாட்டிப் பெண் சொன்னாள். இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது. சுண்ணாம்புப் பூச்சு இல்லாமல் கல்லோடு கல்லை உட்கார வைத்திருக்கிறார்கள். பூகம்பத்தில் கல் ஆடிவிட்டு மறுபடி தன் இடத்தில் உட்காருமாம். நீ எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் கேட்கவில்லை.

இன்னொன்று மனசில் நிற்கிறது. 1911 ஜூலையில் ஹிராம் பிங்காம் என்கிற அந்த அமெரிக்கத் துரை வந்தபோது அங்கே குடியானவர்கள் அதே வயலில் பயிர் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பையன்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினானாம். நாம் போன ரயிலுக்கு வைத்த பேர் மட்டும் அந்தத் துரையுடையது. போகட்டும்.

போன தடவை நயாகராவில் நீ ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக ஆபீசோடு பேசிக்கொண்டே இருந்தாய். "இங்கேயுமாடா" என்று திட்டினேன். இந்தத் தடவை பெருவில் இருந்த நாளெல்லாம் ஒரு அழைப்பு வரவில்லை. லீவு என்றாய். சரி, நல்லதுதான்.

திரும்பி வந்தபிறகு மருமகள் சொன்னாள் என்று நூலகம் வரைக்கும் நடக்கப் போனேன், இரண்டு மூன்று நாள். நல்ல நிழல். உன் கார் மாதிரியே ஒரு வெள்ளைக் கார் அங்கே நின்றது. பின்கண்ணாடியில் பாப்பா ஒட்டுகிற மாதிரியே நட்சத்திரமும் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி கார்தான் வாங்குவார்கள் போலிருக்கிறது. மருமகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. மருமகள் கட்டிக்கொடுப்பதை மிச்சம் வைக்காதே.

திரும்பும்போது ரயிலில் வெளியே இருட்டிவிட்டது. அந்தப் பக்கம் பெட்டியில் பாட்டு நடந்துகொண்டிருந்தது, நீ போகவில்லை. கண்ணாடியில் உன் முகம் மட்டும் தெரிந்தது. அப்போது கேட்டாய், "அப்பாவுக்கு அந்தப் படம் எங்கிருந்தும்மா கிடைச்சுது?" பீரோக் கதவில் ஒட்டியிருந்ததே, பாதி கிழிந்தது. நீ எட்டாவது படிக்கையில் அது எந்த ஊர் என்று கண்டுபிடித்துப் பென்சிலால் மச்சு பிச்சு என்று பேர் எழுதினாயே, அதுதான். எனக்குத் தெரியாது என்றேன்.

தெரியும்.

நீ ஏழாவது படித்த வருசம் மில்லைக் கதவடைத்தார்கள். உனக்குத் தெரிந்தது அடுத்த வருசம்தான், அப்பா லேத் பட்டறைக்குக் கணக்கெழுதப் போனபோது. நடுவில் ஏழு மாசம் அவர் எங்கே போனார் என்று நீ கேட்டதே இல்லை. காலையில் பச்சை டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார், ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வந்தார். போகச் சொன்னது நான். பெரியம்மா மகளுக்கு ஈரோட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பனுக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் நம்மை எந்த இடத்தில் வைப்பார்கள் என்று எனக்குப் பயம். "எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துருங்க, வாசல்ல நிக்காதீங்க" என்றேன். எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை.

நிச்சயத்துக்குப் பாசஞ்சரில் போனோம், அக்காவும் நானும். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். வண்டி இருகூரில் நின்றது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ விட்டுப்போன வாரப்பத்திரிகை மடியில் விரித்திருந்தது, பக்கத்தில் கேரியர். எனக்கும் அவருக்கும் பத்தடிகூட இருக்காது. நிமிர்ந்து பார்த்தார். நான் அக்கா பக்கம் திரும்பிப் பூ நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்புகிறவரைக்கும் திரும்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி கேரியரைத் திறந்தால் சோறு வைத்தபடியே இருந்தது. ஸ்டேஷனில் பிரித்துச் சாப்பிட்டால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். எத்தனை நாள் அப்படி இருந்தாரோ. அந்தப் படத்தைப் பீரோவில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் கோதுமை மாவு கரைத்துப் பசை கிண்டிக் கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

மருமகள் என்னை மாதிரி இல்லை. நான் அங்கே இருந்தபோதே பார்த்தேன்.

போஸ்டாபீஸ் பணம் தை மாசம் முதிர்கிறது. மாடியில் ரூம் எடுக்கிற யோசனையை விட்டுவிட்டேன், தனி ஆளுக்கு எதற்கு. உன் பேருக்கு மாற்றுவதற்கு என்னென்ன காகிதம் வேண்டுமென்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

இனிமேல் என்னைச் சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிடவேண்டாம், பாப்பா போனைப் பிடுங்குகிறாள். பகலில் கூப்பிடு. உங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால் எனக்கு ராத்திரி ஆகிவிடும், பரவாயில்லை, முழித்திருக்கிறேன். போனைக் காரில் எதிரே வைத்துவிட்டுச் சாப்பிடு. ஒன்றும் பேசவேண்டாம்.

அம்மா