பீட்லாக் ரிம் பொருத்துவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த தைப்பூச விடுமுறையில் ஜண்டா பாயிக் காட்டுப் பாதைக்குச் சென்று திரும்பிய என் தம்பி மகனின் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, கெந்திங் செம்பா சுரங்கப் பாதையைத் தாண்டிக் கோம்பாக் நோக்கி இறங்கும்போது ஸ்டீயரிங் கைக்கு அடங்காத அளவுக்கு உதறியிருக்கிறது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், முன் இடது சக்கரத்தின் வெளி வளையத்தில் இரண்டு போல்டுகள் விரலால் தொட்டாலே சுழன்றன; மூன்றாவது போல்டுக்குத் தலையே இல்லை. டயரின் விளிம்பை வளையமும் போல்டுகளும் கொண்டு கவ்விப் பிடிக்கும் அந்தப் பீட்லாக் ரிம்களை மாட்டி ஆறு வாரம்கூட ஆகவில்லை. செந்தூலில் முப்பது ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், நம் இளைஞர்கள் பலரும் இதே ரிம்மை விரும்பி வாங்கும் இந்நேரத்தில் சிலவற்றை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

சாதாரண ரிம்மில் டயரின் விளிம்பை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தமே. சேற்றிலும் மணலிலும் பிடிப்பு வேண்டி அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கும்போது, ஒரு வேர் பக்கவாட்டில் மோதினாலே விளிம்பு கழன்றுவிடும். பீட்லாக் ரிம்மில் வெளிப்பக்க விளிம்பை ஒரு வளையம் போல்டுகளால் கவ்விப் பிடிப்பதால், 8 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலும் டயர் கழல்வதில்லை. 1997இல் நம் நாட்டில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற காட்டுப் பாதைப் போட்டிகளில் ஓடும் வண்டிகளுக்கு இது அவசியம். வாரம் முழுவதும் ஜாலான் ஈப்போ நெரிசலில் ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. தங்கள் பீட்லாக் ரிம் பொதுச் சாலைக்கு உரியதல்ல என்று பல தயாரிப்பாளர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அழகுக்காகப் போலிப் போல்டுகள் பதித்த ரிம்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றை நம்பிக் காற்றை இறக்குபவர் நடுக்காட்டில் டயரை இழப்பார்.

வாங்கும்போது ஆறு போல்டுத் துளையும், அவை அமைந்த வட்டத்தின் 139.7 மில்லிமீட்டர் விட்டமும் பொருந்தினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஹைலக்ஸுக்கும் மிட்சுபிஷி டிரைட்டன் பிக்கப்புக்கும் அந்த அளவு ஒன்றுதான். ஆனால் ஹைலக்ஸ் ரிம்மின் நடுத்துளை 106.1 மில்லிமீட்டர்; டிரைட்டனுடையது 67.1 மட்டுமே. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் மாட்டினால், நடுவில் தாங்கல் இல்லாமல் போகும், அல்லது ரிம் உள்ளேயே ஏறாது. சக்கரம் மட்காட்டைத் தாண்டி வெளியே நீளும் ரிம்மைத் தேர்ந்தெடுத்தால், சக்கர பேரிங் சீக்கிரம் தேய்வதோடு சாலைப் போக்குவரத்துத் துறையின் நடவடிக்கைக்கும் ஆளாக நேரும்.

இனி, என் தம்பி மகனின் வண்டியில் நடந்த தவறுக்கு வருகிறேன். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகளுக்கு நூறு நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு வேண்டும். வளையத்தின் சிறு போல்டுகளுக்கோ பெரும்பாலான தயாரிப்புகளில் 20 முதல் 30 வரைதான். அவனுக்குப் பொருத்திக் கொடுத்த கடையில் இரண்டுக்கும், காற்றழுத்தத்தால் நட்டு முடுக்கும் ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் சில போல்டுகள் நீண்டு பலமிழந்தன. வளையம் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் தூக்கிக்கொண்டது. தூக்கிய பக்கத்துப் போல்டுகள் தளர்ந்தன. முறையாகச் செய்வதென்றால், முதலில் டயரின் விளிம்பு ரிம்மின் படியில் சுற்றிலும் ஒரே அளவாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் எல்லாப் போல்டுகளையும் கையால் ஏற்றி, எதிரெதிராக மாறி மாறி, முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் மூன்று நான்கு சுற்றில் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். வளையத்திற்கும் ரிம்மிற்கும் இடையில் தெரியும் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வளையத்தை முடுக்கி முடித்த பிறகே காற்றடித்து உள்பக்க விளிம்பை அமர்த்த வேண்டும். ஒரு சக்கரத்தில் 24 போல்டு என்றால் நான்கிலும் 96. பொறுமையாகச் செய்தால் அரை நாள் போகும். அத்துடன், டயரின் ரப்பர் அழுந்தி இடம் கொடுப்பதால், ஓடிய முதல் நூறு கிலோமீட்டருக்குள் 96ஐயும் மறுபடி அளந்து முடுக்க வேண்டும். அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

சக்கரம் உதறாமல் சுழல எடை ஒட்டிச் சமன்படுத்தும் பேலன்சிங் செய்வதிலும் இதே அலட்சியம்தான். வெளி விளிம்பில் வளையம் இருப்பதால் அங்கே கவ்வும் ஈய எடையை மாட்ட இடமில்லை. ஒட்டும் எடைகளை ரிம்மின் உட்சுவரில் இரண்டு இடங்களில் ஒட்டித்தான் சரிசெய்ய வேண்டும். சுவரை நன்றாகத் துடைத்து உலர்த்தாமல் ஒட்டினால் முதல் சேற்றிலேயே எடை உதிர்ந்துவிடும். டயர் நடுவில் அமராமல் சாய்ந்திருந்தால் எத்தனை எடை ஒட்டினாலும் உதறல் போகாது. கழற்றி மறுபடி பொருத்துவதே வழி. காட்டிலிருந்து வந்ததும் ரிம்மின் உள்ளே காய்ந்த செம்மண்ணைப் பீய்ச்சிக் கழுவாமல் நெடுஞ்சாலையில் ஏறினாலும் இதே உதறல் வரும். அதைப் பேலன்சிங் கோளாறு என்று எண்ணிக் கடைக்குப் பணம் கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நம் டயர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பீட்லாக் ரிம் பொருத்தும் ஒவ்வொருவரின் ரசீதிலும், தயாரிப்பாளர் குறித்த முறுக்கு அளவையும், மறுமுடுக்கத்திற்கு வண்டி எத்தனை கிலோமீட்டரில் திரும்பி வர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாத கடை அந்த வேலையை ஏற்காமல் திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி,
செந்தூல், கோலாலம்பூர்