ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: எரிச்ச கலோரிய திருப்பி சாப்பிடலாமான்னு கேட்டா என்ன சொல்றீங்க?

வணக்கம் மாஸ்டர்,

நம்ம ஊர் ஜிம்கள்ல சொல்லிக் கொடுக்கிற எல்லா மாஸ்டருக்கும், கோச் அக்காக்களுக்கும் சேத்துதான் எழுதுறேன். கொழுப்ப குறைக்க வர்றவங்க ஒர்க்அவுட்ல எரிச்ச கலோரிய திருப்பி சாப்பிடலாமான்னு கேட்டா காலைல இருக்கிற மாஸ்டர் "சாப்பிடுங்க, இல்லன்னா மசில் போயிடும்"ங்கிறாரு, சாயங்காலம் வர்றவரு "ஒரு பருக்கை கூட கூடாது"ங்கிறாரு. ரெண்டு பேருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, உங்க டயட் கணக்க எப்படி போட்டீங்கன்னு. அத கேக்காம தயவுசெஞ்சு பதில் சொல்லாதீங்க.

70 கிலோ, 160 செ.மீ. உயரம், 40 வயசு அம்மா ஒருத்தங்கன்னு வச்சிக்கோங்க. எடை, உயரம், வயச வச்சு கணக்கு போடுற மிஃப்ளின் ஃபார்முலால போட்டா சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு சுமார் 1340 கலோரி செலவாகும். கலோரி கணக்கு போடுற ஆப்ல "உக்காந்து பாக்கிற வேலை"ன்னு போட்டா 1.2ஆல பெருக்கி 1600 வரும், "மிதமான உடற்பயிற்சி"ன்னு போட்டா 1.55ஆல பெருக்கி 2075 வரும். நடுவுல இருக்கிற 470தான் அவங்க ஜிம்முக்கு வர்றதுக்கான கணக்கு. ரெண்டாவத போட்டவங்க ஒர்க்அவுட்ட ஏற்கனவே சேத்தாச்சு, அதுக்கு மேல வாட்ச் காட்டுறதையும் சாப்பிட்டா ஒரே செலவுக்கு ரெண்டு பில் போட்ட மாதிரி, சாப்பாட்டுல கஷ்டப்பட்டு குறைச்ச 400, 500 கலோரி அங்கயே காலி. மாசக் கணக்குல வந்தும் எடை நகரலன்னு மனசு விட்டு நின்னுடறாங்க மாஸ்டர், அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

முதல்லத போட்டவங்க கொஞ்சம் திருப்பி சாப்பிடலாம், ஆனா எவ்ளோ? ட்ரெட்மில்ல க்விக் ஸ்டார்ட் அமுக்கிட்டு, எடைய போடாம, சாய்வ ஏத்தி வச்சு, முன்னாடி இருக்கிற கம்பிய ரெண்டு கையாலயும் இறுக்கி புடிச்சிட்டு நடக்கிறவங்கள நீங்க தினம் பாக்குறீங்க. மெஷினுக்கு அவங்க எடையும் தெரியாது, பாரம் கைக்கு போறதும் தெரியாது, அது பாட்டுக்கு 350ன்னு காட்டும். வாட்சும் பெருசா வித்தியாசம் இல்ல. 2017ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில கையில கட்டுற 7 டிவைஸ்கள 60 பேர்கிட்ட சோதிச்சு பாத்தாங்க, இதயத்துடிப்பு பெரும்பாலும் சரியா வந்துச்சு, கலோரில மட்டும் இருக்கிறதுலயே நல்லதே சராசரியா 27% தப்பு, மோசமானது 93% தப்பு. அதோட 70 கிலோ ஆள் மணிக்கு 5 கி.மீ. வேகத்துல ஒரு மணி நேரம் நடந்தா மொத்தம் 245 மாதிரி வரும், அதுல 70 சோஃபால உக்காந்திருந்தாலும் போயிருக்கும், நடந்ததுக்குன்னு கிடைச்சது 175தான், தாளிக்கிற ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 240. அதனால மெஷின் நம்பர்ல பாதிய தாண்ட வேணாம்னு சொல்லுங்க, மூணு வாரம் எடையோட சராசரிய பாத்துட்டு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஆனா "ஒண்ணுமே சாப்பிடாத"ங்கிற பதில்தான் எனக்கு ரொம்ப பயம். மாரத்தானுக்கு தயாராகிற 55 கிலோ பொண்ணு ஞாயித்துக்கிழமை 20 கி.மீ. ஓடினா, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1 கலோரிங்கிற கணக்குல 1100 போயிடும். அன்னிக்கும் அதே 1300 கலோரி டயட் சார்ட்டுன்னா மூளைக்கும் இதயத்துக்கும் எலும்புக்கும் எல்லாத்துக்கும் சேத்து மிச்சம் 200. வார நாள்லயும் ஓட்டம் இருந்து, சாப்பாடு இப்படியே மாசக்கணக்கா போனா பீரியட்ஸ் நின்னுடும், எலும்புல கீறல் விழும், செலவுக்கு ஏத்த சாப்பாடு இல்லாம உடம்பு கெடுற இந்த நிலைக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே ரெட்-எஸ் (RED-S)னு பேர் வச்சு எச்சரிச்சிருக்கு, ஆம்பளைங்களுக்கும் வரும். அவ எடை குறையுதுன்னு சந்தோஷப்படாதீங்க. பீரியட்ஸ் ஒழுங்கா வருதான்னு கேக்க கூச்சமா இருந்தா கோச் அக்கா கேக்கட்டும், ஆனா யாராவது கேட்டே ஆகணும், நின்னுடுச்சுன்னா டாக்டர்ட்ட அனுப்பணும்.

அட்மிஷன் ஃபார்ம்ல பிபி, சுகர் இருக்கான்னு கேக்கிறீங்கல்ல, அதுக்கு கீழயே டயட் கணக்குல ஒர்க்அவுட் சேந்திருக்கா இல்லையான்னு ஒரு வரி சேத்துடுங்க மாஸ்டர். புது பேட்ச் சேர்றதுக்கு முன்னாடியே செஞ்சா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
காலை பேட்ச்ல வர்ற ஒருத்தி