உடைந்த கண்ணாடியும் ஒரு சாவியும்

அன்புள்ள நண்பருக்கு,

நலம். பேத்தி பிறந்த செய்தி தாங்கி வந்த உங்கள் கடிதம் கண்டு வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். எனக்கு வலக்கண்ணில் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் அனுமதி கொடுத்த அன்றிரவே, கல்லூரி நாட்களில் நாம் சேர்ந்து பார்த்த 'தி அபார்ட்மெண்ட்' படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

1960இல் பில்லி வைல்டர் எடுத்த அந்தப் படத்தை முக்கோணக் காதல் கதை என்றே அன்று பேசிக்கொண்டோம். நியூயார்க் காப்பீட்டு நிறுவனத்து எழுத்தர் பாக்ஸ்டர், அவன் மனம் நாடும் லிஃப்ட் இயக்கும் பெண் ஃபிரான், ஆசை வார்த்தை சொல்லி அவளை ஏமாற்றும் மணமான மேலதிகாரி ஷெல்ட்ரேக் என்று மூவர் இருந்ததால் அப்படித் தோன்றியது. ஆனால் ஃபிரான் யாருக்குக் கிடைப்பாள் என்பதைவிட, பதவி உயர்வுக்காகத் அதிகாரிகள் தங்கள் காதலிகளை ரகசியமாகச் சந்திக்கத் தன் வீட்டுச் சாவியை இரவல் தரும் பாக்ஸ்டர் என்றைக்கு 'முடியாது' என்று சொல்வான் என்பதுதான் கதை என்று இப்போது படுகிறது.

கிறிஸ்துமஸ் விருந்தில் அவன் புதுத் தொப்பியைச் சரிபார்க்க ஃபிரான் தன் பவுடர் டப்பாவைத் திறந்து நீட்டுகிறாளே, நினைவிருக்கிறதா? அதன் கண்ணாடியில் குறுக்கே விரிசல். தன் வீட்டில் யாரோ ஒரு பெண் விட்டுச்சென்றதாக எண்ணி ஷெல்ட்ரேக்கிடம் பாக்ஸ்டரே திருப்பிக் கொடுத்த டப்பா அது; அந்தப் பெண் ஃபிரான்தான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், என் மனம் இருக்கும் நிலையை அப்படியே காட்டுகிறது என்கிறாள். பாக்ஸ்டராக நடித்த ஜாக் லெமன் அழவில்லை, குரல் உயர்த்தவில்லை; பிளந்த கண்ணாடியில் பிளந்து தெரியும் அந்த முகமே போதுமானதாக இருக்கிறது. படம் பெற்ற ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் இந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருந்தாலும் தகும்.

பிறகு ஷெல்ட்ரேக் மீண்டும் வீட்டுச் சாவி கேட்கும்போது, பாக்ஸ்டர் அதற்குப் பதில் அதிகாரிகளுக்கான கழிவறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வேலையையே உதறிச் செல்கிறான். அங்கே நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் அவன் காதலைச் சொல்ல, ஃபிரான் பதில் ஏதும் சொல்லவில்லையே என்று அன்று நீங்கள் குறைப்பட்டீர்கள். புத்தாண்டு இரவில் ஷெல்ட்ரேக்கை விட்டு ஓடிவந்து, முன்பு பாதியில் நின்ற சீட்டாட்டத்தைத் தொடரச் சொல்லிச் சீட்டுக்கட்டை அவன் கையில் கொடுக்கிறாள். எனக்கு அதுவே முழுப் பதிலாகத் தெரிகிறது. டிசம்பரில் இங்கே வாருங்கள். இருவரும் சேர்ந்து பார்த்தபின் உங்கள் தீர்ப்பைக் கேட்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்