பாப்பா அங்கிருந்து கிளம்புமுன்

கேன்டன், மிச்சிகன்
ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே யுனிவர்சிட்டியில் படிக்கப் பாப்பாவுக்கு விசா கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். "அங்கே நம்ம ஆட்களை அடிக்கிறாங்களாமே, பொட்டு இல்லாம அனுப்பட்டுமா?" என்று அண்ணி ஃபோனில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்லி வாயை அடைப்பதும் சரியில்லை. விவரம் தெரிந்து வரட்டும். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

இந்த மாதம் 19ம் தேதியும் 23ம் தேதியும் இந்தப் பக்கத்து ஆசியக் குடும்பங்கள் மறக்காத நாட்கள். 1982 ஜூன் 19 இரவு, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்ற 27 வயதுச் சீனப் பையனை இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். ஒருவர் கார் தொழிற்சாலை சூப்பர்வைசர், இன்னொருவர் அவர் மனைவியின் மகன், வேலை போனவர். 23ம் தேதி உயிர் போனது. அடுத்த சில நாளில் அவருக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் சாவுக்கு வந்தார்கள். ஜப்பான் கார் வந்து இங்கே வேலை போகிறது என்று ஊரே கொதித்துக் கிடந்த காலம். வின்சென்ட் ஜப்பானியரே இல்லை.

அடிக்கிறவன் ஆளைச் சரியாகப் பார்த்து அடிப்பதில்லை, அண்ணா. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு நாலு நாள் கழித்து, 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவில் தன் பெட்ரோல் பங்க் வாசலில், அரபு முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். 2017 பிப்ரவரி 22 அன்று கன்சாஸ் மாநிலம் ஒலேத்தில் கொல்லப்பட்ட 32 வயது எஞ்சினியர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா தெலுங்கர். சுட்டவன் தப்பிப் போய், இரண்டு ஈரானியர்களைச் சுட்டதாக இன்னோர் உணவகத்தில் சொன்னான். 1987ல் ஜெர்சி சிட்டியில் நெற்றிப் பொட்டையே கிண்டல் பெயராக்கிய ஒரு கும்பல், இந்தியர்களை விரட்டுவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதியது. அதே வருடம் பக்கத்து ஹோபோக்கனில் அடித்துக் கொல்லப்பட்ட நவ்ரோஸ் மோடி ஒரு பார்சி. இவ்வளவுக்கும் பிறகு "அது சீனாக்காரங்க பிரச்சினை" என்று நம்மவர்கள் ஒதுங்கினால் மனசு பொறுக்கவில்லை.

பாப்பா முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அடுத்து நடந்ததை. 1983 மார்ச் 16, தண்டனை சொல்லும் நாள். கொலை வழக்கு அதற்குள் பேரம் பேசி, கொலையாகாத மரணம் என்று குறைந்திருந்தது. அன்றைக்கு அரசு வழக்கறிஞர் கோர்ட்டுக்கு வரவில்லை. தாய் லில்லி சின்னுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நீதிபதி ஒரு தரப்பை மட்டும் கேட்டு, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும் கோர்ட் செலவு 780 டாலரும் விதித்தார். ஜெயில் தண்டனையே இல்லை. வின்சென்ட்டின் பெயரைச் சொல்ல அந்த அறையில் ஒரு ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஜனங்கள் கூடினார்கள். வின்சென்ட் பகுதி நேரமாகப் பரிமாறிய ஃபெர்ன்டேல் உணவகத்தில் பேச்சு தொடங்கியது, மாதக் கடைசிக்குள் அமெரிக்கன் சிட்டிசன்ஸ் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு உருவானது. சீனர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பைன்ஸ்காரர் ஒன்றாக உட்கார்ந்தது அங்கேதான். லில்லி சின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். "உங்களாலதான் எங்களுக்கு வேலை இல்லை" என்ற பொருளில் அந்தச் சூப்பர்வைசர் கத்தியதைக் கேட்ட சாட்சியைப் போலீஸ் முதலில் விசாரிக்கவே இல்லை. தேடிக் கண்டுபிடித்தது இந்த அமைப்பு. 1984ல் மத்திய அரசின் சிவில் உரிமை வழக்கில் சூப்பர்வைசருக்கு 25 வருடத் தண்டனை வந்தது. ஆனால் 1986ல் மேல்கோர்ட் அதை ரத்து செய்தது. சாட்சிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேசிய ஒலிப்பதிவு ஒன்றை ஜூரிக்குக் காட்டாமல் விட்டது அதற்கு ஒரு காரணம். சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற சந்தேகத்துக்கு அது இடம் கொடுத்தது. 1987ல் சின்சினாட்டியில் மறுவிசாரணை நடந்து, அவர் விடுதலை ஆகிவிட்டார். லில்லி சின் அந்த வருடமே சீனாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இதில் எனக்குப் பெரிய பாடமாகப் படுவது அந்த ஒலிப்பதிவுதான். ஏதாவது நடந்தால் நண்பர்கள் கூடி "நீ இப்படிச் சொல்லு, நான் அப்படிச் சொல்றேன்" என்று பேசவே கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் வழக்கு கெட்டுவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, அன்றைக்கே, தேதி, மணி, இடம் போட்டுத் தன் கையால் எழுதிவிட வேண்டும். கேட்ட வசவை அப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கூச்சப்பட்டு "கெட்ட வார்த்தை சொன்னான்" என்று எழுதினால் அது வெறும் கைகலப்பாகப் பதிவாகும். இங்கே வெறுப்புக் குற்றம் என்று நிற்க இரண்டு வேண்டும்: அடி, மிரட்டல், சேதம் மாதிரி ஒரு குற்றம், அதற்கு இனமோ மதமோதான் காரணம் என்று காட்டும் ஆதாரம். அந்த வார்த்தைதான் பல நேரம் அந்த ஆதாரம். வெறும் வசவு மட்டும் பெரும்பாலும் குற்றமாகாது. ஆனாலும் குறித்து வைக்கட்டும், அதே ஆள் மறுபடி வந்தால் உதவும்.

இங்கத்து அவசர உதவி நம்பரான 911ஐக் கூப்பிட்டால் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், லைன் அறுந்தாலும் வண்டி வந்துவிடும். போலீஸ் வந்ததும், இன வெறுப்பால் நடந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு, ரிப்போர்ட் நம்பரும் அதிகாரியின் பெயரும் பேட்ஜ் நம்பரும் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தேங்கி ரத்தக்கறை கெட்டுவிடும். காயத்தை அன்றும், மூன்றாம் நாளும் படம் எடுக்க வேண்டும். கன்றிப்போன இடம் முதல் நாள் தெரியாது. கடை கேமராவில் பழைய பதிவு சில நாளிலேயே அழிந்துபோகலாம், அதனால் அன்றைக்கே மேனேஜரிடம் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். நம் கையில் தர மாட்டார்கள், போலீஸ் கேட்டால் தருவார்கள்.

பிள்ளைகள் அடிக்கடி தவறுவது ஒன்று உண்டு. யுனிவர்சிட்டி இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்பிவிட்டு, போலீஸில் சொன்ன மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆசியர்கள் மீதான வெறுப்புச் சம்பவங்களைத் திரட்டும் ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் மாதிரி அமைப்புகளிடம் கொடுப்பதும் கணக்கில் சேர்க்கத்தான், விசாரணைக்கு இல்லை. மூன்றும் செய்யலாம், ஆனால் வேறு வேறு. போலீஸ் நிலையங்கள் எஃப்பிஐக்குக் கணக்கு அனுப்புவதும் கட்டாயமில்லை. அதனால் நம் புகார் எழுத்தில் இல்லாவிட்டால், அந்த ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கும்.

வேறு யாருக்காவது நடந்தால் வீராவேசமாகப் பாய வேண்டாம். ஒலேத்தில் தடுக்கப் போன இயன் கிரில்லட் என்ற இளைஞர் குண்டடி பட்டார். அடிபடுகிறவர் பக்கம் போய், தெரிந்தவர் மாதிரி "இந்த பஸ் எங்கே போகுது?" என்று பேச்சுக் கொடுத்தாலே பல நேரம் சூழ்நிலை மாறும். முடியாவிட்டால் டிரைவரிடம் சொல்ல வேண்டும், தள்ளி நின்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை இணையத்தில் போடுவதா வேண்டாமா என்று அடிபட்டவர்தான் சொல்ல வேண்டும்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாதிக்கப்பட்டோருக்கான உதவியாளரிடம் பெயர் பதிந்து, ஒவ்வொரு தேதியும் தெரிவிக்கச் சொல்ல வேண்டும். லில்லி சின்னுக்கு நடந்தது போல நடக்காமலிருக்க, மிச்சிகனில் 1985ல் வந்த சட்டத்தில் இப்போது அந்த உரிமை இருக்கிறது; தண்டனைக்கு முன் குடும்பத்தார் நீதிபதி முன் பேசலாம். மற்றவர்கள் பின் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். ஃபோன் அணைத்து, வாசகம் எழுதிய சட்டை போடாமல். வாய்தா தள்ளிப்போகும், முந்தின நாள் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் வேலை நிறைய. பூங்காவுக்கு நகராட்சி அனுமதி வாங்க வேண்டும். காற்றில் மெழுகுவத்தி நிற்காது, பேட்டரி விளக்குதான். 2021 மார்ச் 16 அட்லாண்டாவில் கொல்லப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேர் ஆசியப் பெண்கள், நால்வர் கொரிய வம்சம், இருவர் சீனர். அந்தப் பெயர்களை ஆரம்பத்தில் செய்திகளில் கண்டபடி உச்சரித்தார்கள். அதனால் பெயர் வாசிப்பவர்கள், அந்த மொழி பேசுகிறவரிடம் முன்னமே கேட்டு, ஒவ்வொரு பெயரையும் பத்து தடவையாவது சொல்லிப் பழக வேண்டும். குடும்பத்தாரிடம் கேட்காமல் படம் வைக்கக் கூடாது.

பாப்பா ஆகஸ்டில் வந்து இறங்கியதும் ரெண்டு நம்பரை ஃபோனில் மட்டுமில்லாமல் காகிதத்திலும் எழுதி பர்ஸில் வைக்கட்டும்: பல்கலைக்கழகப் போலீஸ், என் நம்பர். அண்ணி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவள் வைத்துக்கொள்ளும் பொட்டை வைத்துக்கொண்டே வரட்டும். இங்கே ஸ்டிக்கர் பொட்டு விலை அதிகம், அட்டை நாலைந்து சேர்த்தே பெட்டியில் போடுங்கள்.

அன்புடன்,
தங்கை